பெயர் தெரியாதவர்களின் மையவாடி

உத்திரமேரூர் என்றதும் பள்ளிப் பாடநூலில் படித்த குடவோலை முறைதான் உங்கள் நினைவுக்கு வரும். முதலாம் பராந்தக சோழனின் ஆட்சியில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் அவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ளன. ஊர்ச்சபைக்குத் தகுதி உடையவர் யார், தகுதி அற்றவர் யார் என்பதை அவை விரித்துரைக்கின்றன.

அந்தக் கல்வெட்டுகளுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே அவ்வட்டாரத்து மக்கள் நட்டுவைத்த கற்களும் உண்டு. அவற்றில் ஓர் எழுத்துக்கூட இல்லை. எடமச்சி போன்ற சிற்றூர்களை அடுத்த குன்றுச் சரிவுகளிலும் முட்புதர்க் காடுகளிலும் அவை வட்டம் வட்டமாகக் கிடக்கின்றன. காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுவதற்கு உரிய இடம் இது.

காட்டுக்குள் கண்டறிவது எப்படி?

காட்டுக்குள் நுழைந்ததும் அவை உங்கள் கண்ணுக்குப் புலப்பட மாட்டா. இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பாறைகள் கிடப்பதாகவே தோன்றும். சற்று நின்று நோக்கினால், அப்பாறைகள் ஒன்றையொன்று தொடர்ந்து வளைந்து செல்வதும், வளைவு முழு வட்டமாக முடிவதும் தெரியவரும். நடுவில் சிறு கற்களும் சரளையும் குவிந்து மேடிட்டிருக்கும். ஒன்றைக் கண்டுகொண்டால் பிறகு அடுத்தது, அதற்கடுத்தது என்று அடையாளம் தெரிந்துவிடும்.

இதனைக் கல்வட்டம் என்பர். மேடு உயர்ந்திருந்தால் கற்குவை என்பர். கிராமத்தாரோ பாண்டவர் குழி என்றும், குள்ளர் வீடு என்றும் கூறுவர். 'மாண்டவர் குழி' என்பதே பாண்டவர் குழியாகத் திரிந்தது என்று கருதுவோரும் உளர். அந்தக் கருத்து எப்படி இருப்பினும், அங்கே கிடப்பவர்கள் மாண்டவர்களே என்பதில் ஐயமில்லை.

கல்லுக்குக் கீழே

செங்கற்பட்டுக்கு அருகிலுள்ள சானூரில் 1950, 1952 ஆகிய ஆண்டுகளில் மத்தியத் தொல்லியல் துறையினர் இத்தகைய ஈமச் சின்னங்களை அகழ்ந்து ஆய்ந்தனர். கருப்பு சிவப்பு மட்கலங்கள், இரும்புக் கருவிகள், மனித எலும்புகள் ஆகியவை வெளிப்பட்டன. சில குழிகளில் சுட்ட மண்ணால் செய்த நீண்ட ஈமப்பேழைகள் இருந்தன. தொட்டி போன்ற அப்பேழையின் அடியில் வரிசையாகக் குட்டையான கால்கள் அமைந்திருக்கும். பல்லாவரத்திலும் 19-ஆம் நூற்றாண்டிலேயே இத்தகைய பேழைகள் கிடைத்தன. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் செல்வோர் ஈமப்பேழைகளை நேரில் காணலாம்.

இவை பெரும்பாலும் கி.மு. முதல் ஆயிரம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. இரும்பைக் கையாண்ட மக்களுடையவை. பல இடங்களில் உடலை அப்படியே புதைக்கவில்லை. சதை அழிந்த பிறகு எலும்புகளைப் பொறுக்கியெடுத்து, கலங்களோடும் கருவிகளோடும் அடக்கம் செய்து, மேலே கற்களைச் சுற்றி வைத்தனர். ஒரு பாறையை உருட்டி வரவே பலருடைய தோள் வேண்டும். ஒரு வட்டத்துக்கோ பல பாறைகள். இறந்தவர் ஒருவருக்காக ஓர் ஊரே கூடி உழைத்தது என்பதை அந்தக் கற்கள் சொல்லாமல் சொல்கின்றன.

இன்னொன்றையும் கவனியுங்கள். இவை பெரும்பாலும் ஏர் ஓடாத சரளைமேட்டிலும் பாறைச் சரிவிலுமே இருக்கின்றன. தாழ்ந்த நல்ல நிலம் உழவுக்கு விடப்பட்டது. இறந்தவரை மதித்தவர்கள், பின்வரும் தலைமுறையின் சோற்றையும் மறக்கவில்லை.

சங்க இலக்கியத்திலும் இவ்வழக்கத்தின் சாயல் உண்டு. புறநானூற்றுப் பாடல் ஒன்றில், கணவனை இழந்த ஒரு பெண் குயவனிடம், தனக்கும் சேர்த்து இடம் இருக்கும்படி ஈமத்தாழியை அகலமாகச் செய்யுமாறு வேண்டுகிறாள்.

மேற்கு ஆப்பிரிக்காவில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் காம்பியா, செனகல் நாடுகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வட்டங்களும் ஈமச் சின்னங்களும் உள்ளன. அவற்றில் நான்கு தொகுதிகளை யுனெஸ்கோ 2006-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தம் மண்ணில் முன்பு வாழ்ந்தவர்களின் அடக்கத் தலங்களை அம்மக்கள் தம் பெருமையாகவே போற்றுகின்றனர்.

நம் பொறுப்பு

நம் வட்டாரத்தில் நிலைமை கவலைக்குரியது. கல் உடைப்போர் சில வட்டங்களை அழித்தனர். வீட்டு அடித்தளத்துக்கும் வேலிக்கும் சில கற்கள் சென்றன. மனைப்பிரிவுகள் போடப்படும்போது இயந்திரம் ஒரே நாளில் மேட்டைச் சமன்செய்துவிடுகிறது. புதையல் கிடைக்கும் என்று தோண்டுவோரும் உண்டு. அவர்கள் கையில் அகப்படுவது உடைந்த பானையும் உளுத்த எலும்புமே. ஒருமுறை கலைத்துவிட்டால், எந்த ஆய்வாளராலும் அதன் செய்தியைத் திரும்பப் பெற முடியாது.

மத்தியத் தொல்லியல் துறை இப்பகுதியில் பல ஊர்களின் ஈமச் சின்னங்களைப் பாதுகாக்கப்பட்டவையாக அறிவித்துள்ளது. அவற்றைச் சேதப்படுத்துவோருக்கு 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டாண்டு வரை சிறையோ, ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பட்டியலில் இடம்பெறாதவற்றுக்கு ஊர்மக்களின் கண்ணே காவல்.

ஆகவே, செல்ல விரும்பும் குடும்பத்தாருக்குச் சில வார்த்தைகள். மழைக்காலம் முடிந்து வெயில் ஏறுவதற்கு முன் செல்லுங்கள். காப்புக்காடாக இருந்தால் வனத்துறையின் அனுமதி பெறுங்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழையுங்கள். காலில் செருப்பும் கையில் குடிநீரும் இருக்கட்டும். வட்டத்துக்கு வெளியே நின்று பாருங்கள். மேட்டின்மீது ஏறவும், கற்களில் பெயர் எழுதவும் பிள்ளைகளை விடாதீர்கள். பானை ஓடு கிடந்தால் கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். எங்கேனும் கல் பெயர்க்கப்படுவதைக் கண்டால் கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையினரிடமோ தெரிவியுங்கள்.

"அவர்கள் நம் மார்க்கத்தார் அல்லவே" என்று யாரேனும் கேட்கலாம். ஒரு யூதரின் ஜனாஸா கடந்து சென்றபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். இறந்தவர் யூதர் என்று தோழர்கள் கூறியபோது, அதுவும் ஓர் உயிரல்லவா என்று திருப்பிக் கேட்டார்கள். கப்றுகளைச் சந்திப்பது மறுமையை நினைவூட்டும் என்றும் போதித்தார்கள். அந்தக் கல்வட்டத்தருகே நாம் எதையும் வேண்டி நிற்கப் போவதில்லை. படிப்பினை பெறவே செல்கிறோம்.

நம் ஊர் மையவாடியில் நான்கு தலைமுறைக்கு முந்தியவர்களின் கப்றுகளை நம்மில் எத்தனை பேரால் அடையாளம் காட்ட முடியும்? பெயர் மறைய மூவாயிரம் ஆண்டு வேண்டியதில்லை, நூறாண்டே போதும். பெயரற்றுக் கிடப்பவரின் உறக்கத்தைக் கலைக்காதிருக்க நம் பிள்ளைகளுக்கு இன்று கற்பித்தால், நாளை நாம் பெயரற்றுக் கிடக்கும்போது அந்தப் பண்பே நமக்கும் வேலியாக நிற்கும்.