கார் ஏசியில் கேஸ் எங்கே போகிறது?

மே மாத மதியம். திருச்சியிலிருந்து சென்னை வரும் வழியில் ஒரு சுங்கச்சாவடி வரிசை. அதுவரை ஜில்லென்று வந்துகொண்டிருந்த ஏசி காற்று, வண்டி நின்ற இரண்டாவது நிமிடம் வெதுவெதுப்பானது. ஐந்தாவது நிமிடம் அனலாகவே அடித்தது. சாவடியைத் தாண்டி எண்பதைத் தொட்டதும் மறுபடி குளிர்ந்தது. வழியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினேன். பேனட்டைத் திறக்காமலே பதில் வந்தது: "கேஸ் இறங்கிடுச்சு சார், அடிச்சிடலாம்."

அடித்தார்கள். அடுத்த சாவடியில் முன்னைவிடச் சீக்கிரமே அனல் வந்தது.

ஏன் என்று புரிய, இந்த இயந்திரம் என்ன செய்கிறது என்று பார்த்துவிட வேண்டும். உள்ளே இருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொட்டுவதுதான் ஏசியின் வேலை. ஊசி போடுமுன் நர்ஸ் ஸ்பிரிட் தடவிய இடம் சில்லிடுகிறதே, அதே சங்கதி: ஆவியாகிற திரவம் தொட்ட இடத்தின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். இன்று ஓடும் பெரும்பாலான கார்களில் இருக்கும் ஆர்134ஏ என்ற கேஸ், திறந்த வெளியில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள கூலிங் காயிலுக்குள் சுமார் 30 பிஎஸ்ஐ அழுத்தத்தில், பனிக்கட்டி உருகும் சூட்டை ஒட்டி அது கொதிக்கிறது. புளோயர் தள்ளும் காற்று அந்தக் காயிலில் பட்டுச் சூட்டை இழக்கிறது.

எடுத்த சூட்டை எங்கே இறக்குவது? வெளியே 40 டிகிரி வெயில். சூடு தானாக இறங்கவேண்டுமானால், அந்த வெயிலே குளிர்ச்சியாகத் தெரியும் அளவுக்குக் கேஸ் சூடேற வேண்டும். கம்ப்ரசர் அதைத்தான் செய்கிறது. கேஸை 200 பிஎஸ்ஐக்கு மேல் நெருக்கினால், 55, 60 டிகிரியில்கூட அது சூட்டை விட்டுவிட்டுத் திரவமாகிவிடும். ரேடியேட்டருக்கு முன்னால் வலை போல நிற்கும் கண்டென்சரில் இது நடக்கிறது. பிறகு எக்ஸ்பேன்ஷன் வால்வின் ஊசித்துளை வழியே பீறிட்டு, அழுத்தம் விழுந்து, மீண்டும் கூலிங் காயிலுக்கு வருகிறது. எனக்கு இந்தச் சுழற்சி இன்றும் வியப்புதான்.

கண்டென்சருக்குக் காற்று வேண்டும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று போதும். நிற்கும்போது ஃபேன்தான் கதி. சென்னையில் நான் காட்டிய மெக்கானிக் முன்பக்க கிரில்லுக்குள் டார்ச் அடித்தார். "ஏசி போட்டா இந்த ஃபேன் சுத்தணும் சார். பாருங்க, அசையல." கண்டென்சருக்கென்று இருந்த தனி ஃபேனின் ரிலே கருகியிருந்தது. கேஸ் குறையவே இல்லை. கண்டென்சரில் காற்று இல்லாமல் ஏற்கெனவே ஏறிய அழுத்தம், ஒர்க்‌ஷாப்பில் கூடுதலாக ஏற்றியதால் இன்னும் எகிறியிருந்தது. கேஸ் அதிகமானால் கூலிங்கும் அதிகமாகும் என்பது நம்மூரில் வேரூன்றிவிட்ட தவறான எண்ணம். எத்தனை கிராம் என்று பேனட்டுக்கு அடியில் ஸ்டிக்கரே ஒட்டியிருக்கும். அவர் மெஷினில் கேஸை முழுக்க இழுத்து, எடை பார்த்து, ஸ்டிக்கரில் இருந்த அளவுக்கு ஏற்றினார்.

கேஸ் உண்மையாகவே குறைவதும் உண்டு. ஆனால் பெட்ரோலைப் போல அது எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றுகிறது. ரப்பர் ஹோஸ் வழியே வருடக்கணக்கில் துளித்துளியாகக் கசியும், அவ்வளவுதான். ஒவ்வொரு கோடைக்கும் கேஸ் அடிக்க வேண்டியிருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. சின்னக் காரில் மொத்தமே அரைக் கிலோவுக்குக் குறைவு என்பதால் சிறு கசிவும் பெரிய இழப்பு. தேட ஒரு நல்ல தடயம் உண்டு: கம்ப்ரசருக்கான எண்ணெய் கேஸோடு சேர்ந்தே ஓடுகிறது. கேஸ் வெளியேறும் இடத்தில் எண்ணெய் கசிந்து, அதன்மேல் புழுதி படிந்து கறுத்த திட்டாக நிற்கும். கல்லடி பட்ட கண்டென்சர் மூலை, குழாய் மூட்டின் ஓ ரிங், கம்ப்ரசரின் ஷாஃப்ட் சீல் ஆகிய இடங்களை முதலில் பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியாவிட்டால் நைட்ரஜன் அழுத்தம் ஏற்றிச் சோப்பு நுரை தடவுவார்கள்.

ஏசி பட்டனை அழுத்தியதும் முன்னால் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கம்ப்ரசரின் மேக்னட் கிளட்ச் பிடிக்கும் சத்தம் அது. 1939-ல் அமெரிக்காவின் பேக்கார்ட் நிறுவனம் முதன்முதலாகத் தன் கார்களில் ஏசி பொருத்தியபோது இந்தக் கிளட்ச் கிடையாது. ஏசி வேண்டாமென்றால் எஞ்சினை நிறுத்தி பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டும். இன்று கேஸ் மிகவும் குறைந்தால் பிரஷர் சுவிட்ச் கிளட்சைப் பிடிக்க விடாது, எண்ணெய் இல்லாமல் கம்ப்ரசர் பிடித்துக்கொள்ளக் கூடாதே என்று. அந்தச் சுவிட்சை வயர் வைத்து இணைத்து ஓட்டுவது கம்ப்ரசரைக் கொல்லும் வேலை.

அரைமணி நேரம் குளிர்ந்து, பிறகு சூடாகி, சற்று அணைத்து வைத்தால் மறுபடி குளிர்ந்தால், உள்ளே ஈரம் புகுந்து வால்வின் துளையில் பனியாக உறைகிறது என்று சந்தேகிக்கலாம். காற்றின் வேகமும் குறைந்தால் கூலிங் காயிலே பனிமூடியிருக்கும். கம்ப்ரசர் ஓடி, குழாயும் சில்லென்று இருந்து, உள்ளே மட்டும் சூடு என்றால், ஹீட்டர் பக்கம் திருப்பிவிடும் கதவு டேஷ்போர்டுக்குள் சிக்கியிருக்கலாம்.

குழாயைத் திறந்து வேலை செய்தபின் வேக்கம் போடாமல் கேஸ் ஏற்ற விடாதீர்கள். வேக்கத்தில் உள்ளிருக்கும் ஈரம் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து வெளியேறிவிடும். அதற்கு அரைமணியாவது வேண்டும். பழைய கேஸைக் காற்றில் திறந்துவிடுவதையும் அனுமதிக்காதீர்கள். ஆர்134ஏவுக்கு முந்தைய ஆர்12 போன்ற கேஸ்கள் ஓசோனை அரித்ததால்தான் 1987-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. ஆர்134ஏ ஓசோனைத் தொடுவதில்லை. ஆனால் நூறு ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ, கார்பன் டை ஆக்சைடு 1,430 கிலோவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும்.

அந்த மெக்கானிக் ரிலேயை மாற்றிய பிறகு எஞ்சினை ஓடவிட்டு, காற்று வரும் துளையில் தெர்மாமீட்டரைச் செருகி வைத்தார். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது, ஃபேன் சுற்றியது. பத்து நிமிடத்தில் முள் எட்டு டிகிரிக்கு இறங்கியது. வண்டிக்கு அடியில் கூலிங் காயிலின் தண்ணீர் சொட்டிச் சிமென்ட் தரை நனைந்திருந்தது.