பரணில் கிடக்கும் லேப்டாப்பில் ஒரு எப்.டி.பி. சர்வர்

ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு பைல் அனுப்ப இன்று எத்தனையோ வழிகள் உள்ளன. வாட்ஸ்அப் இருக்கிறது, கூகுள் டிரைவ் இருக்கிறது, எதுவும் இல்லையென்றால் பென் டிரைவ் இருக்கிறது. பிறகு எதற்கு 1971-ல் பிறந்த எப்.டி.பி. என்று நீங்கள் கேட்கலாம். உங்களுக்கும் எனக்கும் அது அவ்வளவாகத் தேவையில்லைதான். ஆனால் நம்மைச் சுற்றியுள்ள மெஷின்களுக்கு அது தேவைப்படுகிறது.

நான் இருப்பது செவ்வாப்பேட்டையில். ரயிலில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் புட்லூர், அதற்கடுத்தது திருவள்ளூர். பக்கத்தில் காக்களூர் சிட்கோ எஸ்டேட். வடக்கே போனால் கும்மிடிப்பூண்டி சிப்காட். இந்தப் பகுதியில் வீட்டு வாசலிலேயே ஷெட் போட்டு இரண்டு சி.என்.சி. லேத் வைத்து ஜாப் ஒர்க் செய்பவர்கள் நிறையப் பேர். அப்படி ஒருவர் என்னைக் கூப்பிட்டார். வீட்டுக் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதி, பென் டிரைவில் எடுத்துப் போய் மெஷினில் போடுவது அவர்கள் வழக்கம். பென் டிரைவில் அதே பெயரில் போன மாதப் புரோகிராமும் கிடந்தது. நைட் ஷிப்ட் பையன் அதை எடுத்துப் போட்டுவிட்டான். விடிவதற்குள் ஒரு ஷிப்ட் பீஸ் முழுவதும் ரிஜெக்ட். மெட்டீரியல் கம்பெனி கொடுத்தது. அதற்கான பணம் இவர் பில்லில் கழிந்தது.

மெஷின் கன்ட்ரோலரின் பின்னால் நெட்வொர்க் கேபிள் மாட்டும் இடம் இருந்தது. அதன் மெனுவில் பைல் வாங்க ஒரே ஒரு வழிதான் கொடுத்திருந்தார்கள்: எப்.டி.பி.

லேத் மட்டும் அல்ல. பழைய ஜெராக்ஸ் மெஷினில் ஸ்கேன் செய்ததை நேராகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் வசதி இருக்கும். அது விண்டோஸ் ஷேர்டு போல்டருக்கு அனுப்ப எஸ்.எம்.பி.யின் முதல் பதிப்பைப் பயன்படுத்தும். 2017-ல் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்து, புதிதாக இன்ஸ்டால் செய்தால் அந்தப் பதிப்பு சேர்ந்து வருவதில்லை. எனவே புதுக் கம்ப்யூட்டர் வாங்கியவுடன் ஸ்கேன் நின்றுபோகும். அந்த மெஷினின் மெனுவிலும் எப்.டி.பி. இருக்கும். சி.சி.டி.வி. ரெக்கார்டர்கள் பலவற்றிலும் படத்தை அனுப்ப இந்த வசதி உண்டு.

இதை முதலில் எழுதியவர் ஓர் இந்தியர். பெயர் அபய் பூஷண். கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் மாணவர் அணியில் படித்து, 1965-ல் பட்டம் பெற்று அமெரிக்கா சென்றவர். எம்.ஐ.டி.யில் இருந்தபோது 1971 ஏப்ரல் 16 தேதியிட்டு அவர் எழுதிய ஆவணம்தான் எப்.டி.பி.யின் ஆரம்பம். இன்டர்நெட் இன்றைய டி.சி.பி./ஐ.பி. முறைக்கு மாறியதே 1983-ல்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். இப்போதும் பின்பற்றப்படும் விதிமுறை 1985-ல் வெளியானது.

இவ்வளவு பழையது என்பதால் ஒரு பெரிய குறையும் உண்டு. யூசர் நேம், பாஸ்வேர்ட், பைல் எல்லாமே உறையில்லாத போஸ்ட் கார்டு மாதிரி போகும். வழியில் இருப்பவர் படிக்கலாம். மேலும் கட்டளைகளுக்கு ஒரு இணைப்பு (போர்ட் எண் 21), பைல் போக இன்னொரு இணைப்பு என்று இரண்டு வைத்துக்கொள்ளும். இதனால் பயர்வால்களுக்கும் அதற்கும் எப்போதும் தகராறு. லினக்ஸ் தொகுப்புகளை டவுன்லோட் செய்ய ஒரு காலத்தில் எல்லாரும் எப்.டி.பி. சர்வர்களைத்தான் நம்பியிருந்தோம், சென்னை ஐ.ஐ.டி.யிலும் எப்.டி.பி. என்று தொடங்கும் முகவரியில் அவற்றின் பிரதிகள் இருந்தன. ஆனால் டெபியன் அமைப்பு 2017 நவம்பர் 1 அன்று பொதுமக்களுக்கான தன் எப்.டி.பி. சேவையை நிறுத்தியது. 2021-ல் பயர்பாக்ஸ், குரோம் இரண்டும் எப்.டி.பி.யைக் கைவிட்டன. அவர்கள் செய்தது சரிதான். தெருவில் போக அது லாயக்கில்லை. வீட்டுக்குள், நம் ரூட்டருக்கு இந்தப் பக்கம் மட்டும் வைத்துக்கொண்டால் இன்றும் நன்றாக உழைக்கும். கீழே நான் சொல்லும் ஒவ்வொரு செட்டிங்கும் இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

என்ன கம்ப்யூட்டர் வேண்டும்?

புதிதாக எதுவும் வாங்காதீர்கள். தமிழக அரசு 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த லேப்டாப் ஒன்று உங்கள் வீட்டுப் பரணிலோ சொந்தக்காரர் வீட்டிலோ இருக்கும். அவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். சென்னை சி-டாக் உருவாக்கிய இந்த பாஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. அந்தக் காலத்துப் பதிப்பை அப்படியே ஓட்ட வேண்டாம்; டெபியனைப் புதிதாக இன்ஸ்டால் செய்திடுங்கள். டெஸ்க்டாப் எதையும் சேர்க்காமல் போட்டால் 2 ஜிபி ரேம் தாராளமாகப் போதும்.

லேப்டாப்பைச் சொல்ல இன்னொரு காரணம் கரண்ட். பழைய டெஸ்க்டாப் 60 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 24 மணி நேரமும் ஓடினால் ஒரு நாளைக்கு 1.44 யூனிட், மின்கட்டணம் இரண்டு மாதக் கணக்கு என்பதால் 60 நாளைக்கு 86 யூனிட். 15 வாட் எடுக்கும் லேப்டாப்புக்கு 22 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். பேட்டரி ஓரளவு வேலை செய்தால் யு.பி.எஸ். செலவும் மிச்சம். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் கழற்றி அப்புறப்படுத்திவிடுங்கள். அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

டெபியன் இன்ஸ்டால் ஆகும்போது ரூட் பாஸ்வேர்ட் கேட்கும். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு மேலே செல்லுங்கள். அப்போதுதான் நீங்கள் உருவாக்கும் யூசருக்கு 'சூடோ' என்ற நிர்வாகி அதிகாரம் கிடைக்கும். சாப்ட்வேர் பட்டியலில் எஸ்.எஸ்.எச். சர்வர் என்பதைத் தேர்வு செய்யுங்கள், பின்னால் தேவைப்படும்.

சர்வரை அமைத்தல்

கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். கீபோர்டில் ஆங்கிலத்தில், எல்லாம் சிறிய எழுத்தில் அடிக்க வேண்டும். நாம் போடப்போகும் சர்வரின் பெயர் 'விஎஸ்-எப்டிபி-டி'. வி, எஸ் என்பது வெரி செக்யூர், நடுவில் எப்டிபி, கடைசி டி 'டேமன்', அதாவது பின்னணியில் ஓடும் புரோகிராம். இடைவெளியோ கோடோ இல்லாமல் ஆறு எழுத்தையும் சேர்த்து அடிக்கவும். முதலில் 'சூடோ ஆப்ட் அப்டேட்', பிறகு 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால்' என்று அடித்து அந்தப் பெயரைக் கொடுத்து என்டர் தட்டுங்கள்.

எப்போதும் இப்படி லினக்ஸின் சொந்தக் களஞ்சியத்திலிருந்தே போடுங்கள். 2011 ஜூலையில் இந்த சர்வரின் 2.3.4 பதிப்பு, அதன் அதிகாரபூர்வத் தளத்திலேயே யாரோ மாற்றி வைத்ததாகக் கண்டுபிடிக்கப்பட்டது. யூசர் நேமில் ஒரு சிரிக்கும் முகக் குறியை, அதாவது முக்காற்புள்ளியும் அடைப்புக்குறியும் சேர்த்து அடித்தால் 6200-ஆம் போர்ட்டில் ரகசியக் கதவு திறக்கும்! அதை எழுதிய கிறிஸ் எவன்ஸ் உடனே அறிவித்துச் சரிசெய்தார். கையெழுத்துச் சரிபார்த்துக் கொடுக்கும் களஞ்சியத்தைப் பயன்படுத்தினால் இந்த வம்பு குறைவு.

அடுத்து மெஷினுக்கென்று ஒரு யூசர். 'சூடோ ஆட்யூசர் லேத்' என்று கொடுத்து பாஸ்வேர்ட் வைத்திடுங்கள். உங்கள் மெயில் பாஸ்வேர்டையோ பேங்க் பாஸ்வேர்டையோ இங்கே வைக்கவே வைக்காதீர்கள். போஸ்ட் கார்டு நினைவிருக்கட்டும்.

இப்போது 'சூடோ நானோ' என்று அடித்து, இடைவெளி விட்டு, 'எட்சி' போல்டரில் சர்வரின் பெயருடன் புள்ளி வைத்து 'கான்ப்' என்று முடியும் பைலைத் திறக்கவும். ஏற்கெனவே 'அனானிமஸ் எனேபிள்' நோ என்றும், 'லோக்கல் எனேபிள்' யெஸ் என்றும் இருக்கும். பெயர் இல்லாதவர் நுழையக் கூடாது, கணக்கு உள்ளவர் நுழையலாம் என்று பொருள். தொட வேண்டாம். 'ச்ரூட் லோக்கல் யூசர்' என்ற வரியின் முன்னால் உள்ள ஹேஷ் குறியை மட்டும் நீக்குங்கள். இதனால் உள்ளே வருபவர் தன் போல்டரைத் தாண்டிப் போக முடியாது. சமக்குறியின் இரு பக்கமும் இடைவெளி விட்டால் சர்வர் கிளம்பாது, கவனம். கன்ட்ரோலுடன் ஓ அழுத்தி என்டர் தட்டினால் சேவ் ஆகும். கன்ட்ரோலுடன் எக்ஸ் அழுத்தினால் வெளியே வரலாம்.

'ரைட் எனேபிள்' என்ற வரியின் ஹேஷ் குறியை நான் நீக்கவில்லை. பல வழிகாட்டிகளில் முதல் வேலையாக அதைத்தான் நீக்கச் சொல்வார்கள். லேத்துக்கு எழுதும் உரிமை எதற்கு? அது புரோகிராமைப் படித்தால் போதும். மெஷின் பக்கமிருந்து யாரும் பைலை மாற்றவோ அழிக்கவோ முடியாது என்பதுதான் அந்த ஷெட்காரருக்கு வேண்டியிருந்தது.

போல்டரையும் அதற்கேற்ப அமைக்க வேண்டும். 'ஹோம்' போல்டருக்குள் இருக்கும் 'லேத்' போல்டரின் உரிமையை 'சோன்' கட்டளையால் ரூட்டுக்கு மாற்றி, 'ச்மாட்' கட்டளையால் 755 என்று அனுமதி கொடுங்கள். அதற்குள் 'ஜாப்ஸ்' என்று ஒரு போல்டர் உருவாக்கி, அதை உங்கள் சொந்த யூசரின் பெயருக்கு மாற்றுங்கள். இனி புரோகிராமைப் போடுவது நீங்கள் மட்டும்தான், லேத் எடுத்துக்கொள்ளும்.

நீங்கள் போடுவதற்கு எப்.டி.பி. வேண்டாம். உங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டரில் பைல்ஜில்லா என்ற இலவச புரோகிராமை நிறுவி, புரோட்டோகால் என்ற இடத்தில் எஸ்.எப்.டி.பி. என்று தேர்ந்தெடுங்கள். பெயர் ஒன்று போல இருந்தாலும் இது வேறு ஜாதி. எஸ்.எஸ்.எச். வழியாக, 22-ஆம் போர்ட்டில், எல்லாவற்றையும் மறையாக்கம் செய்து அனுப்பும். நாம் இன்ஸ்டால் செய்யும்போதே சேர்த்த எஸ்.எஸ்.எச். சர்வர் இதைப் பார்த்துக்கொள்ளும். தனி செட்டிங் எதுவும் இல்லை. மனிதர் நல்ல கதவு வழியாக வரட்டும், பழைய மெஷினுக்குப் பழைய கதவு.

ஸ்கேனருக்கு சர்வர் வைப்பவர்கள் மட்டும் 'ரைட் எனேபிள்' வரியைத் திறந்து, உள் போல்டரை ஸ்கேனரின் யூசருக்குச் சொந்தமாக்குங்கள். மேல் போல்டரும் எழுதக்கூடியதாக இருந்தால் '500 ஊப்ஸ்' என்று ஒரு பிழை வரும். பயப்படாதீர்கள், மேல் போல்டரை ரூட்டுக்குக் கொடுத்தால் போய்விடும்.

கதவைப் பூட்டுதல்

'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் யுஎப்டபிள்யூ' என்று பயர்வாலைப் போடுங்கள். பிறகு 'சூடோ யுஎப்டபிள்யூ அலவ் ப்ரம் 192.168.1.0/24'. வீட்டு நெட்வொர்க்கில் இருப்பவர் மட்டும் வரலாம் என்பது இதன் பொருள். உங்கள் ரூட்டரில் 192.168.0 என்று இருந்தால் அதற்கேற்ப மாற்றவும். கடைசியாக 'சூடோ யுஎப்டபிள்யூ எனேபிள்'. ரூட்டரின் செட்டிங்கில் இந்த லேப்டாப்புக்கு எப்போதும் ஒரே ஐ.பி. எண் கிடைக்கும்படி செய்துவிடுங்கள். போர்ட் பார்வர்டிங் பக்கம் மட்டும் போகாதீர்கள். வெளியூரிலிருந்து பைல் எடுக்க வேண்டும் என்றால் அதற்கு வேறு வழிகள் உள்ளன. இந்த சர்வர் அதற்கு அல்ல.

லேப்டாப்பை மூடினால் தூங்கிவிடும். அதைத் தடுக்க, 'எட்சி'க்குள் 'சிஸ்டம்டி' போல்டரில் 'லாகின்டி' என்ற கான்ப் பைலைத் திறந்து, 'ஹேண்டில் லிட் ஸ்விட்ச்' வரியின் ஹேஷ் குறியை நீக்கி, 'இக்னோர்' என்று மதிப்பை மாற்றுங்கள். ஒரு முறை ரீஸ்டார்ட் செய்தால் எல்லாம் அமலுக்கு வரும்.

இனி லேத் கன்ட்ரோலரில் சர்வரின் ஐ.பி. எண், யூசர் நேம், பாஸ்வேர்ட் மூன்றையும் கொடுங்கள். பைல் தெரியவில்லை என்றால் முதலில் பெயரைப் பாருங்கள். லினக்ஸில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. விண்டோஸ் பழக்கத்தில் சிறிய ஓ போட்டுச் சேவ் செய்த புரோகிராமை, பெரிய ஓ தேடும் மெஷின் கண்டுகொள்ளாது. வேகம் பற்றிக் கவலை வேண்டாம். 100 எம்.பி.பி.எஸ். கேபிளில் நொடிக்குச் சுமார் 11 எம்.பி. போகும், லேத் புரோகிராம் சில கே.பி.தான்.

இரண்டு நாள் ஓடிய பிறகு 'வார்' போல்டருக்குள் 'லாக்' போல்டரில், சர்வரின் பெயரிலேயே உள்ள லாக் பைலைத் திறந்து பாருங்கள். எந்த ஐ.பி.யிலிருந்து, எந்த நேரத்தில், எந்தப் பைல் எடுக்கப்பட்டது என்று வரி வரியாக இருக்கும். காக்களூர் பக்கத்து அந்த ஷெட்டில் இப்போது தினமும் காலையில் முதலில் பார்ப்பது இதைத்தான். வீட்டு நெட்வொர்க்கைச் சேராத எண் ஏதாவது அதில் தென்பட்டால், ரூட்டரில் யாரோ வழி திறந்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். உடனே கேபிளைப் பிடுங்கிவிட்டு அதைத் தேடுங்கள்.