தைத்த கைகள் – 7: பாதிப் பணம் முன்னால்

சென்ற வாரம், ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கிய ரானா பிளாசா கட்டடத்தின் இடிபாடுகளோடு நிறுத்தியிருந்தோம். 2013 ஏப்ரல் 24, டாக்காவை ஒட்டிய சாவார், 1,100-க்கும் மேற்பட்ட உயிர்கள். அதே வங்கதேசத்தில், இந்திய எல்லைப் பக்கம், பத்மா ஆற்றங்கரையில் இன்னொரு தையற்கூடம் இருக்கிறது. அதுவும் வெளிநாட்டுக்குத்தான் தைக்கிறது. இந்த வாரம் அங்கே போவோம்.

ராஜ்ஷாஹி மாவட்டத்துத் தானாபாரா கிராமம். 1971 ஏப்ரல் 13 அன்று பாகிஸ்தான் ராணுவம் இந்த ஊர் ஆண்களைத் திரட்டிச் சுட்டுத் தள்ளியது. ஊரில் மிஞ்சியவர்களில் பெரும்பாலோர் விதவைகளும் குழந்தைகளும். வங்கதேச விடுதலைப் போர் ஓய்ந்த பிறகு ‘ஸ்வாலோஸ்’ என்ற ஸ்வீடன் தொண்டு நிறுவனம் வந்து, அந்தப் பெண்களுக்குத் தறியும் ஊசியும் கொடுத்தது. பிறகு ஸ்வீடன்காரர்கள் விலகிக்கொள்ள, உள்ளூர்க்காரர்களே சங்கம் அமைத்து நடத்துகிறார்கள். நெசவு, சாயம், தையல், பூவேலை எல்லாம் அங்கேயே நடக்கின்றன. பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்கு வர ஒரு காப்பகம், படிக்க ஒரு பள்ளிக்கூடம்.

இவர்களின் துணியை டோக்கியோவுக்குக் கொண்டுபோனவர் சாஃபியா மின்னி. அப்பா மொரீஷியஸ், அம்மா சுவிட்சர்லாந்து, வளர்ந்தது இங்கிலாந்து. 1990-இல் கணவரோடு ஜப்பானுக்குக் குடிபோனவர், மறு ஆண்டே அங்கே ‘குளோபல் வில்லேஜ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். அதிலிருந்து கிளைத்ததுதான் ‘பீப்பிள் ட்ரீ’ என்ற ஆடை நிறுவனம். 2001-இல் லண்டனிலும் கால் வைத்தது.

ஜப்பான் ஆர்டர் என்றால் என்னவென்று திருப்பூர்க்காரர்களிடம் கேட்க வேண்டும். தைக்கும்போது ஊசி முறிந்தால், முறிந்த துண்டுகளையெல்லாம் தேடி எடுத்து, பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி, முழு ஊசியும் கணக்கில் வந்ததா என்று பார்த்த பிறகே அடுத்த ஊசி கைக்கு வரும். பெட்டி கட்டுமுன் ஒவ்வொரு உருப்படியும் ஊசி கண்டுபிடிக்கும் எந்திரத்துக்குள் போய் வர வேண்டும். இப்படிப்பட்ட சந்தைக்குக் கைத்தறித் துணியை அனுப்புவது லேசுப்பட்ட காரியமா? ஊடையை ஒருவர் இறுக்கி அடிப்பார், இன்னொருவர் தளர்த்தி அடிப்பார். அகலம் விரற்கடை மாறும். ஒரு தொட்டியில் முக்கிய நீலம் மறு தொட்டியில் முக்கிய நீலத்தோடு ஒத்துப்போகாது. மழைக்காலத்தில் சாயம் காயவே காயாது.

பூவேலையில் சிக்கல் வேறு மாதிரி. வங்காளத்துக் காந்தா தையல், பழைய புடவைகளை அடுக்கி, புடவைக் கரையிலிருந்தே நூலை உருவி, தாமரையும் மீனும் மரமுமாக இண்டு இடுக்கு விடாமல் தைத்து நிரப்புவது. வீட்டுக்காகவும் பேரப்பிள்ளைக்காகவும் செய்தது. அதே கையைப் புதுத் துணியில், காலர் ஓரம் ஒரே ஒரு சின்னப் பூவோடு நிறுத்தச் சொல்கிறது ஏற்றுமதிச் சந்தை. இதில் எனக்கு முழு உடன்பாடில்லை. ஆனால் அந்தச் சின்னப் பூதான் கூலி கொடுக்கிறது என்பதையும் மறுக்க முடியாது.

இவையெல்லாம் பேசித் தீர்த்துக்கொள்ளக்கூடிய விஷயங்கள். உண்மையான முட்டுக்கட்டை நாட்காட்டி. ஆர்டர் வந்ததும் நூல் வாங்க வேண்டும், சாயம் போட வேண்டும், பாவு ஓட்ட வேண்டும். ஒரு தறியில் நாளொன்றுக்குச் சில மீட்டர்தான் இறங்கும். பிறகுதான் வெட்டு, தையல், பூவேலை. சட்டை கடையில் தொங்குவதற்குப் பல மாதம் முன்பே இங்கே காசு செலவாகத் தொடங்கிவிடுகிறது. வழக்கமான ஏற்றுமதியில் சரக்கு கப்பலேறி அறுபது, தொண்ணூறு நாள் கழித்துப் பணம் வருவது சகஜம். அதுவரை நூல்காரருக்கும் நெசவாளிக்கும் யார் கொடுப்பது? பட்டறைதான் கடன் வாங்குகிறது. வட்டியை எங்கே பிடிப்பார்கள்? கூலியில்.

‘ஃபேர் ட்ரேட்’ எனப்படும் நியாய வணிகத்தில் இதற்கு ஒரு விதி உண்டு. கைவினைப் பொருளுக்கு ஆர்டர் கொடுப்பவர், பட்டறை கேட்டால், குறைந்தது பாதித் தொகையை வட்டியில்லாமல் முன்பணமாகத் தர வேண்டும். உலக நியாய வணிக அமைப்பின் பத்து நெறிகளுக்குள் அடங்கியது இது. பீப்பிள் ட்ரீ தானாபாராவில் கடைப்பிடித்ததும் இதைத்தான். பணம் வானத்திலிருந்து வராது. நிறுவனம் தன் ஊரில் கடன் வாங்கித்தான் அனுப்ப வேண்டும். அதாவது வட்டிச் சுமை கிராமத்துத் தோளிலிருந்து டோக்கியோ, லண்டன் அலுவலகத் தோளுக்கு மாறுகிறது. இந்த வகைச் சட்டை ஏன் இத்தனை விலை என்று கேட்பவர்கள் கூலியை மட்டுமே கணக்குப் பார்க்கிறார்கள். இந்தக் காத்திருப்பின் விலையும் அதில் இருக்கிறது.

முன்பணம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2020 காட்டியது. கொரோனா வந்ததும் மேலைநாட்டுப் பெரிய நிறுவனங்கள் வங்கதேசத்தில் ரத்து செய்த, நிறுத்திவைத்த ஆர்டர்களின் மதிப்பு சுமார் 300 கோடி டாலர் என்றது அந்நாட்டு ஆடை ஏற்றுமதியாளர் சங்கம். அவற்றில் தைத்து முடித்து அடுக்கிவைத்த சரக்கும் உண்டு. துணிக்கும் கூலிக்கும் செலவழித்தவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

நமக்குப் பக்கத்திலும் இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி உண்டு. அவிநாசி வட்டாரத்தில் பிரான்சிஸ்கன் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ‘அசிசி கார்மெண்ட்ஸ்’. காது கேளாத, வாய் பேசாத பெண்களுக்கு வேலை தருவதற்கென்றே தொடங்கப்பட்டது. குஜராத் விவசாயிகளின் இயற்கைப் பருத்தி இங்கே பனியனாகி பீப்பிள் ட்ரீ கடைக்குப் போனது.

ஆனால் முன்பணத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. யார் முன்பணம் தருகிறாரோ அவருடைய அளவும் நிறமும்தான் தறியில் ஏறும். அவர் ஆர்டரைக் குறைத்தால் தறி காலி. மின்னி விலகிப் பல ஆண்டுகள் ஆன பின், 2023-இல் பீப்பிள் ட்ரீயின் பிரிட்டன் நிறுவனம் மூடப்பட்டது. ஜப்பானில் வியாபாரம் தொடர்ந்தது. ஆர்டர் கொடுக்கும் பையர் ஒருவர் விழும்போது, ஏற்கெனவே கைக்கு வந்த பாதிதான் பட்டறைக்கு மிச்சம். மீதிப் பாதிக்குக் கடன்காரர் வரிசையில் நிற்க வேண்டும். அதனால் இப்போதெல்லாம் இந்த மாதிரிப் பட்டறைகளைப் பற்றிப் படிக்கும்போது என்ன கூலி என்பதோடு, எத்தனை பையர்கள், அதில் எத்தனை பேர் உள்நாட்டவர் என்றும் தேடுகிறேன். உள்ளூர்ச் சந்தையை நம்பி வளர்ந்த ‘ஆரோங்’ என்ற கைவினை நிறுவனம் அதே வங்கதேசத்தில் 1978 முதல் நடக்கிறது. அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)