உங்களுக்குத் தெரியுமா? கண்டியைக் காலால் அறியலாம்

காலையில் கண்டி வாவியைச் சுற்றி நடப்பவர்கள் பழைய வயல்வெளியின் விளிம்பில் நடக்கிறார்கள். கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் அணை கட்டித் தேக்கிய நீர் இது. ஒரு சுற்று 3 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நிழல் வேண்டுமா? தலதா மாளிகைக்குப் பின்னாலேயே உடவத்தக்கலைக் காடு.

மலையேறுவோருக்கு ஹந்தானை. ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீளும் பெக்கோ நடைபாதை அங்கேதான் தொடங்குகிறது. 22 கட்டங்களாக நுவரெலியாவரை போகிறது. அதன் பெரும்பகுதி பழைய தேயிலைத் தோட்டப் பாதைகள். கொழுந்துக் கூடை சுமந்து நம் மலையகத் தமிழர் தலைமுறை தலைமுறையாக நடந்த தடங்கள் அவை. அந்த நினைவோடு நடந்து பாருங்கள். மழைநாளில் அட்டை ஏறும். நீளமான காலுறையை மறவாதீர்கள்.