நாசில் கொக்கியின் சுவிட்ச்

தொப்பூர் கணவாயைக் கடக்கும் லாரிகளுக்கு டீசல் ஊற்றும் பங்குகளில் 'ஜீரோ பாத்துக்கோங்க' என்ற குரல் ஓயாமல் கேட்கும். அந்த வாக்கை இயந்திரமே காப்பாற்ற வழிசெய்தது, நாசிலை மாட்டும் கொக்கியோடு இணைந்த சுவிட்ச்தான். 1930களில் அமெரிக்காவில் அளவோடு விலையையும் காட்டும் பம்புகள் வந்தன. அவற்றில் நாசிலைக் கொக்கியில் மாட்ட வேண்டுமானால் சுவிட்சின் நெம்புகோலை இறக்கி மோட்டாரை நிறுத்தியாக வேண்டும். பின்னர் வந்த மாடல்களில், எண்களைப் பூஜ்யத்துக்குத் திருப்பும்வரை நெம்புகோல் மறுபடி ஏறாது. முந்தையவரின் கணக்கு அடுத்தவர் தலையில் விழாமல் தடுத்தது இந்தப் பூட்டு. அதனால்தான், பழைய பம்பை அலங்காரத்துக்காகப் புதுப்பிப்பவர்கள் அதன் விளக்கை நேரே பிளக்கில் செருகிவிட்டு இந்தச் சுவிட்சை ஒதுக்குவது தவறு என்கிறேன். பம்பின் அறிவே அங்கேதான் இருக்கிறது.

எரிவது வெறும் அலங்கார விளக்கு, அதற்குச் சுவர் சுவிட்ச் போதாதா என்று கேட்கலாம். எரியவைக்கப் போதும், பம்பு எப்படி வேலை செய்தது என்று காட்டப் போதாது. பழைய சுவிட்சில் 230 வோல்ட்டை விடுவது ஆபத்து என்ற ஆட்சேபம் இதைவிட வலுவானது, நியாயமானதும்கூட. பர்மா ஷெல் எண்ணெய் நிறுவனம் 1976இல் அரசுடைமையானது. அந்தச் சின்னத்தோடு பங்கில் நின்ற பம்பின் வயர் உறை இன்று தொட்டாலே உதிரலாம். ஆனால் சுவிட்சைக் கைவிடுவது இதற்குத் தீர்வல்ல, வோல்ட்டைக் குறைப்பதே தீர்வு. பழைய வயரை முழுக்க நீக்கிவிட்டு, அடாப்டரைப் பம்புக்கு வெளியே வைத்து, உள்ளே 12 வோல்ட் மட்டும் அனுப்பி எல்இடி விளக்கை எரிக்கலாம். நாசில் தொங்கும்போது சுவிட்ச் அழுந்தும் அமைப்பென்றால், அழுத்தம் விட்டதும் சேரும் முனையில் வயரைக் கொடுக்க வேண்டும்; நாசிலை எடுத்ததும் விளக்கு எரியும். 230 வோல்ட் உள்ளே வந்தே ஆகவேண்டுமென்றால் சுவிட்ச் ஃபேஸைத் துண்டிக்க வேண்டும். நியூட்ரலைத் துண்டித்தால் விளக்கு அணைந்திருக்கும், ஹோல்டரில் மின்சாரம் நிற்கும். உடல் முழுதும் தகரம் என்பதால், பெயின்டைச் சுரண்டிய இடத்தில் எர்த் வயரை முடுக்குவதும், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு துண்டிப்பான்) வைப்பதும் கட்டாயம்.

சுவிட்சைச் சுற்றிய கனத்த வார்ப்பிரும்புப் பெட்டியை மட்டும் துளைக்காதீர்கள். உள்ளே பொறி பட்டு ஆவி தீப்பிடித்தாலும், மூடியின் அகன்ற விளிம்பு இடுக்கு வழியே வரும்போது சுடர் குளிர்ந்து அணையும்படி செய்த பெட்டி அது. பெட்ரோல் ஆவி உறைநிலைக்கு 40 டிகிரி கீழேகூடத் தீப்பற்றும். ஒரு துளை போட்டாலும் அந்தப் பாதுகாப்பு போய்விடும். எவ்வளவு நேர்த்தியாகப் புதுப்பித்திருந்தாலும், அந்தப் பம்பில் வேடிக்கைக்காகக்கூட பெட்ரோல் ஊற்றாதீர்கள்.