மார்பகத்தில் இடம் மாறும் சிலிகான் பை

புதுடில்லி: சென்னை அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் 2018ல் மார்பகச் சீரமைப்புச் சிகிச்சை இலவசமாகத் தொடங்கப்பட்டபோது, ஏழைகளுக்கு அழகு எதற்கு என்றனர் சிலர். கேட்டிருக்க வேண்டியது வேறு: பொருத்திய பை பழுதானால், மறு அறுவைக்கு அவர்கள் எங்கே போவர்?

சிலிகான் பை ஆயுளுக்கும் நிலைப்பதன்று. அதைச் சுற்றி உடல் தானாகவே சவ்வொன்றை வளர்க்கிறது. சிலருக்கு அச்சவ்வு இறுகி, மார்பு கல்லாகி வலிக்கிறது. கதிர்வீச்சு பெற்ற புற்றுநோயாளிகளுக்கு இந்த அபாயம் அதிகம். பழைய குழியிலேயே புதுப் பையை வைத்தால் மீண்டும் இறுகக்கூடும் என்பதால், தசைக்கு மேலிருந்ததைத் தசைக்கு அடியில் மாற்றுவதுண்டு. அடியில் இருப்பது, கையை அசைக்கும்போதெல்லாம் கோணினால், மேலே கொண்டுவருவர். அதற்குத் தோலும் கொழுப்பும் போதிய தடிமனோடு இருக்க வேண்டும்.