கல்லூரியின் முதற் பருவம்

பள்ளிப் படிப்பை முடித்துக் கலை அறிவியல் கல்லூரிகளில் இவ்வாண்டு அடியெடுத்து வைக்கும் மாணவ மாணவியருக்குச் சில செய்திகளைச் சொல்லுமாறு நிலையத்தார் என்னைக் கேட்டுக்கொண்டனர். நான் கல்லூரிப் பேராசிரியன் அல்லேன். முப்பத்துநான்கு ஆண்டுகள் பள்ளியில் கணக்குக் கற்பித்துத் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். கல்லூரியைப் பற்றிப் பேச இவருக்கு என்ன தகுதி என்று சிலர் எண்ணக்கூடும். ஆண்டுதோறும் மாணவரைக் கல்லூரிக்கு அனுப்பிவைத்தவன் என்பது ஒரு தகுதி. அனுப்பியவர்களுள் சிலர் பாதியில் திரும்பி வந்ததைக் கண்டவன் என்பது அதனினும் பெரிய தகுதி என்று கருதுகிறேன்.

1998ஆம் ஆண்டில், ஊர்ப்புறப் பள்ளியொன்றில் நான் கணக்காசிரியனாக இருந்தபோது, என்னிடம் ஒரு மாணவன் பயின்றான். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் கணிதத்தில் 200க்கு 193 மதிப்பெண் பெற்றான். அவன் குடும்பத்தில் அதற்குமுன் கல்லூரி வாயிலை மிதித்தவர் எவரும் இலர். நகரத்துக் கல்லூரி ஒன்றில் கணிதப் பட்ட வகுப்பில் இடம் கிடைத்தது. நானே பேருந்து நிலையம் வரை சென்று, "நன்றாகப் படி" என்று சொல்லி வழியனுப்பினேன். தீபாவளிக்கு ஊர் வந்தவன் திரும்பிச் செல்லவில்லை. அச்செய்தி எனக்குத் தெரிந்ததோ அடுத்த சித்திரையில்தான். செங்கல் ஏற்றிய லாரியின் மேல் அவன் அமர்ந்திருந்தான்.

"என்ன தம்பி, கல்லூரி என்ன ஆயிற்று?" என்றேன்.

"ஒன்றும் புரியவில்லை ஐயா."

"யாரிடமாவது கேட்டாயா?"

"கேட்கலாம் என்று தெரியாது ஐயா."

அந்த விடையை நான் இன்றுவரை மறந்தேனில்லை. ஆறாம் வகுப்பு முதல் ஏழாண்டுகள் எங்கள் பள்ளியில் இருந்தவன் அவன். கேள்விக்கு விடை எழுத அவனுக்குக் கற்பித்தோம். கேள்வி கேட்கக் கற்பித்தோமில்லை. பள்ளியில் மாணவன் கேட்க வேண்டிய தேவையே எழுவதில்லை. வராத நாளில் வீட்டுக்கு ஆள் அனுப்புவோம். எழுதாத பாடத்தை நிறுத்திவைத்து எழுதச் சொல்வோம். மதிப்பெண் குறைந்தால் தந்தையை அழைத்துப் பேசுவோம். கல்லூரியில் இவற்றைச் செய்ய ஒருவரும் வாரார். அக்கறையின்மையால் அன்று, அங்கே உங்களை வளர்ந்தவராக மதிக்கிறார்கள். அந்த மதிப்பைப் புறக்கணிப்பு என்று அவன் எண்ணிவிட்டான்.

முன்னாளில் இந்த மாற்றம் இத்துணைத் திடீரென்று நேர்வதில்லை. நான் 1976இல் புகுமுக வகுப்பில் சேர்ந்தவன். பதினோராண்டுப் பள்ளிப் படிப்புக்குப் பின் ஓராண்டு புகுமுக வகுப்பு. அதன் பின்னரே மூன்றாண்டுப் பட்டப் படிப்பு. அந்த ஓராண்டும் கல்லூரிக்குள்ளேயே நடைபெறும். பேராசிரியரின் ஆங்கிலத்துக்குச் செவி பழக, நூலகத்தின் வாயில் எங்கே என்று அறிய, விடுதிச் சோற்றை வைதுகொண்டே உண்ணப் பழக அந்த ஓராண்டு உதவிற்று. 1978இல் மேல்நிலைக் கல்வி பள்ளிகளில் தொடங்கவே புகுமுக வகுப்பு மறைந்தது. அதனால் விளைந்த நன்மை பெரிது. சிற்றூர்ப் பிள்ளைகள் வீட்டுக்கு அருகிலேயே பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்க முடிந்தது. ஆயினும் பழகிக்கொள்ளக் கிடைத்த ஓராண்டு போயிற்று. இன்று அந்தப் பழக்கம் முழுவதையும் முதற் பருவத்தின் முதல் ஆறு வாரங்களுக்குள் நீங்களே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் மொழியைப் பற்றிச் சொல்லுகிறேன். தமிழ் வழியில் படித்து ஆங்கில வழி வகுப்பில் அமர்ந்த மாணவனுக்கு முதல் வாரத்தில் தோன்றும் எண்ணம், 'எனக்கு இந்தப் பாடம் வராது' என்பது. இது பிழையான முடிவு. நான் சொன்ன மாணவன் 'வகைக்கெழு' என்றால் நன்கு அறிவான். 'டெரிவேட்டிவ்' என்ற சொல்லைக் கேட்டுத் திகைத்தான். 'அணி' அறிவான், 'மேட்ரிக்ஸ்' அறியான். 'சார்பு' அறிவான், 'ஃபங்ஷன்' அறியான். 193 மதிப்பெண் வாங்கிய பொருளையே வேறு பெயரில் கேட்டு, அதை அயற்பொருள் என்று நம்பிவிட்டான். இயற்பியலில் முடுக்கம் என்று நீங்கள் படித்ததே ஆக்சிலரேஷன். உந்தம் என்று படித்ததே மொமென்டம். வணிகவியலில் பேரேடு லெட்ஜர் ஆகிறது. தேய்மானம் டிப்ரிசியேஷன் ஆகிறது.

ஆதலின் நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்று வாங்குங்கள். பக்கத்தின் நடுவே கோடிட்டு, ஒருபுறம் வகுப்பில் கேட்ட ஆங்கிலச் சொல்லையும் மறுபுறம் பள்ளியில் பயின்ற தமிழ்ச் சொல்லையும் எழுதிவாருங்கள். பள்ளிப் பாடநூலின் தமிழ்ப் பதிப்பும் ஆங்கிலப் பதிப்பும் பாடத்துக்குப் பாடம் ஒத்துச் செல்பவை. இரண்டையும் அருகருகே வைத்தால் அகராதியே வேண்டா. பழைய நூல்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு பாடத்தின் முதலாண்டுக்கு வேண்டிய கலைச்சொற்கள் இருநூறைத் தாண்டுவது அரிது என்பது என் கணிப்பு. நாளைக்குப் பத்துச் சொல் எழுதினால் ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும் வேலை இது.

அடுத்து, கேட்பது. கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. "ஒன்றும் புரியவில்லை" என்று சொல்லும் மாணவனுக்கு உதவுவது எந்த ஆசிரியருக்கும் கடினம். எங்கே தொடங்குவது என்று அவருக்கும் தெரியாது. குறிப்பேட்டைத் திறந்து, "ஐயா, இந்த வரி வரை தெரிகிறது, இதிலிருந்து அடுத்த வரி எப்படி வந்தது என்று விளங்கவில்லை" என்று விரல் வைத்துக் காட்டுங்கள். இரண்டு நிமிடத்தில் விடை கிடைக்கும். வகுப்பில் எழுந்து கேட்கக் கூச்சமாயிருந்தால் துறை அறைக்குச் செல்லுங்கள். ஆங்கிலத்தில் கேட்க வராவிடில் தமிழிலேயே கேளுங்கள். அங்குள்ளவர்களுள் பலரும் உங்களைப்போல் தமிழ் வழியில் படித்து வந்தவர்களே என்பதைச் சில நாளில் காண்பீர்கள். தனியே செல்லத் தயக்கமானால் இருவராகச் செல்லுங்கள். ஆனால் பத்துப் பேராகச் சென்று அறையை அடைத்துக்கொள்ள வேண்டா.

நூலகத்திலும் கேட்பதே வழி. பள்ளியில் ஒரு பாடத்துக்கு ஒரே நூல். அந்நூலுக்கு வெளியே வினா இல்லை. கல்லூரியிலோ பாடத்திட்டம் என்று சில தாள்களைத் தருவார்கள். நூலைத் தேடிக்கொள்வது உங்கள் பொறுப்பு. பல கல்லூரி நூலகங்கள் டூயி பகுப்புமுறையைக் கையாளுகின்றன. அம்முறையில் கணிதம் 510, இயற்பியல் 530, வேதியியல் 540, தமிழ் இலக்கியம் 894.811. உங்கள் பாடத்தின் எண்ணை அறிந்துகொண்டு அந்த அடுக்கின்முன் அரைமணி நேரம் நில்லுங்கள். ஒரே பொருளை ஐவர் ஐந்து விதமாக விளக்கியிருப்பார்கள். அவற்றுள் ஒன்று உங்களுக்கென்றே எழுதியதுபோல் இருக்கும். கரும்பலகையைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்வது இதற்கு ஈடாகாது. படம் கைப்பேசியில் இருக்கும். பாடம் கரும்பலகையோடு போய்விடும்.

இனிக் கணக்குக்கு வருகிறேன். அது என் தொழிலாயிற்றே. பல கல்லூரிகளில் ஒவ்வொரு தாளுக்கும் அகமதிப்பீட்டுக்கு 25, பருவத் தேர்வுக்கு 75 என்று மதிப்பெண் பிரிக்கப்படுகிறது. 25 தானே என்று பலர் அதனைத் தள்ளிவிடுகின்றனர். முதல் வகுப்புக்கு 60 வேண்டும் என்று கொள்வோம். அகமதிப்பீட்டில் 22 பெற்றவன் தேர்வில் 38 எழுதினால் போதும். 8 பெற்றவன் 52 எழுத வேண்டும். ஒப்படைப்பைக் குறித்த நாளில் தருவது, சிறு தேர்வைத் தவறாமல் எழுதுவது என்ற இரண்டினால் வரும் வேறுபாடு அது. வருகைப் பதிவும் அவ்வாறே. 75 விழுக்காடு என்பது பொது விதி. பருவத்துக்கு 90 வேலை நாள் என்றால் 22 நாளுக்குமேல் இழக்க இடமில்லை. அறுவடைக்கு ஒரு வாரம், அக்காள் திருமணத்துக்கு ஒரு வாரம், காய்ச்சலுக்கு ஒரு வாரம் என்றால் சில நாள்களே எஞ்சும். உங்கள் கல்லூரியின் கையேட்டில் இந்த எண்கள் எப்படி உள்ளன என்று முதல் வாரத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அலைந்து திரியும் வாட்சப் செய்திகளை நம்பித் தேர்வு நாளைத் தவறவிட்டோர் உளர். அறிவிப்புப் பலகையே சான்று.

விரும்பிய பாடத்தில் மூழ்கி மற்றவற்றைக் கைவிடுவோர்க்கு ஒரு வரலாறு சொல்ல வேண்டும். கணித மேதை சீனிவாச இராமானுசன் 1904இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணிதம் தவிர வேறெதிலும் மனம் செலுத்தவில்லை; ஆங்கிலத்தில் தோற்றார்; உதவித்தொகை பறிபோயிற்று. 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார், அங்கும் எஃப்.ஏ. தேர்வில் வெற்றி பெறவில்லை. 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக அமரும் வரை வறுமையிலும் நோயிலும் ஆண்டுகள் கழிந்தன. இராமானுசனே தேர்வில் தோற்றார் என்று மாணவர்கள் எனக்குச் சமாதானம் சொன்னதுண்டு. தோற்றதால் அவர் மேதையாகவில்லை; மேதையாயிருந்தும் தோல்வி அவரை அத்தனை ஆண்டுகள் வாட்டியது என்பதே அவ்வரலாறு. உங்கள் முதலிரு ஆண்டுகளில் தமிழும் ஆங்கிலமும் துணைப் பாடமும் முதன்மைப் பாடத்துக்கு நிகராக இடம் பெற்றிருக்கும். பட்டம் கைக்கு வராமல் தடுத்து நிற்பவை பெரும்பாலும் இவையே. 'அரியர்' என்று நீங்கள் வழங்கும் நிலுவைத் தாள் ஒன்று முதற் பருவத்தில் விழுந்தால், அடுத்த பருவத்திலேயே அதனைத் தீர்த்துவிடுங்கள். மூன்றாமாண்டில் தீர்க்கலாம் என்று வைத்தால், அதற்குள் பாடம் மறந்திருக்கும்.

பணத்தட்டுப்பாட்டை வெட்கத்தால் மறைக்காதீர்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பயின்ற மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன. வேறு உதவித்தொகைகளும் உண்டு. கல்லூரி அலுவலகத்தில் இவற்றுக்கென ஒருவர் பொறுப்பில் இருப்பார். அவர் பெயரையும், விண்ணப்பத்தின் கடைசி நாளையும் கேட்டறியுங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு ஆகியவற்றில் உங்கள் பெயர் ஓரெழுத்தும் மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். தலைப்பெழுத்து ஒன்று மாறியதற்காக மாதக்கணக்கில் அலைந்த பெற்றோரை நான் அறிவேன்.

பாடத்தையே தவறாகத் தேர்ந்துவிட்டோமோ என்ற ஐயமும் சிலருக்கு எழும். தோழன் சேர்ந்தான் என்று சேர்ந்தவர்களுக்கு அது மிகுதி. இரண்டாம் வாரத்து ஐயம் பெரும்பாலும் மொழியால் வருவது, குறிப்பேட்டால் தீரும். ஆனால் பாடம் விளங்கிய பின்னும் மனம் செல்லவில்லையானால், சேர்க்கை முடிவதற்குள் துறைத் தலைவரைப் பாருங்கள். காலியிடம் இருந்தால் மாற வழி உண்டு. நாள் கடந்த பின் ஓராண்டு போகும். மாறும்போது பட்டத்தின் பெயரையும் நோக்குக. ஒரே பாடம்போல் தோன்றும் இரு பட்டங்களுள் ஒன்று அரசுப் பணிக்கு இணையானதாக ஏற்கப்பட்டிருக்கும். மற்றொன்றுக்கு அந்த ஆணை இராது. ஆசிரியர் பணியை விரும்புவோர் இதனைச் சேருமுன்பே விசாரித்தல் வேண்டும்.

அந்த மாணவனின் மகள் இவ்வாண்டு கல்லூரியில் சேருகிறாள். சென்ற வாரம் தந்தையும் மகளும் என் இல்லத்துக்கு வந்திருந்தனர். பெண் முதல் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்தவள். பொருளியலில் இடம் கிடைத்திருக்கிறது. அக்கல்லூரியில் அப்பாடம் தமிழ் வழியிலும் உண்டு, ஆங்கில வழியிலும் உண்டு. "தாத்தா, எதில் சேரட்டும்?" என்று என்னையே நேரே கேட்டாள். தந்தை பேசாமல் அமர்ந்திருந்தார்.

தமிழ் வழியில் பயின்றோருக்கு அரசுப் பணி நியமனத்தில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் இயற்றப்பட்டதையும், 2020இல் அது திருத்தப்பட்டு, பட்டத்தைத் தகுதியாகக் கேட்கும் பணிகளுக்குப் பள்ளிப் படிப்பு முழுவதோடு பட்டமும் தமிழ் வழியில் இருக்க வேண்டும் என்று ஆனதையும் அவளுக்குச் சொன்னேன். ஆங்கில வழியில் சேர்ந்தால் அத்தகைய பணிகளில் அந்த முன்னுரிமை அவளுக்கு இராது. மறுபுறம், கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் பொருளியல் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே வருகிறது. மேற்படிப்பு நூல்களிலும் மிகப் பல ஆங்கிலத்தில் உள்ளவை. அரசுப் பணிக்கு எழுதுவதா, மேலே படிப்பதா என்று பதினெட்டு வயதில் முடிவு செய்வது எளிதன்று. நான் முடிவு சொல்லவில்லை. இரண்டு வழிகளிலும் சென்ற ஆண்டு சேர்ந்த மாணவியர் இருவரையும் துறைத் தலைவரையும் கண்டு பேசி வரச் சொல்லியிருக்கிறேன். என்னென்ன கேட்பது என்று ஒரு தாளில் அவளே எழுதிக்கொண்டாள், ஒன்பது கேள்விகள். அவற்றுள் மூன்று எனக்குத் தோன்றாதவை. வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் வருவதாகச் சொல்லிச் சென்றிருக்கிறாள்.